நண்டு நெபுலாவின் நடுவில் குவாக்குக் கரு இருக்கிறதா: ஈர்ப்பலைக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி

உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் முதலாம் இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி தங்கச்சிமார், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான். நியூத்திரன் விண்மீனின் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த சிறு உருண்டை) காந்தப்புலம் அந்த விண்மீனைக் கொஞ்சம் கோணலாக்கும், கோணலான விண்மீன் சுழன்றால் விடாமல் ஈர்ப்பலை (வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் அலை) வரும், அந்த அலையின் வீச்சத்தை வைத்து உள்ளே கிடப்பது சாதாரண நியூத்திரன் திரவமா அல்லது நியூத்திரனுக்குள் இருக்கும் இன்னும் சிறிய துணிக்கைகளான குவாக்குகளா என்று ஓரளவு கணிக்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தொகையீடுகள் வரிசையாக நிற்கும், பார்த்தவுடன் மூடிவிடத் தோன்றும். ஆனால் கணக்கின் எலும்புக்கூடு ஒரு கொப்பித் தாளில் அடங்கும். அதை ஒரு தடவை கையால் போட்டவருக்கு அதன் பிறகு எந்தக் கட்டுரையும் அந்நியமாக இருக்காது, இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

தேவையானவை கணிப்பான் ஒன்று, இரண்டு பக்கமும் மடக்கை அளவிட்ட வரைபுத்தாள் ஒன்று. லப்டொப் பிறகுதான்.

எது அலை தரும், எது தராது

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் தடுமாறும் இடம் இதுதான். வேகமாகச் சுழலும் விண்மீன் நடுவில் பருத்து இருக்கும். அந்தப் பருமன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈர்ப்பலை வராது. சுழற்சி அச்சைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் உருவம் சுழல்வதால் வெளியே எதுவும் மாறுவதில்லை. அலை வேண்டுமென்றால் உருவம் அந்த அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருக்கக் கூடாது. காந்த அச்சு சுழற்சி அச்சில் இருந்து சரிந்து நிற்பது இங்கேதான் உதவுகிறது. காந்தப்புலம் விண்மீனைத் தன் அச்சுப் பக்கமாக நசுக்கவோ நீட்டவோ செய்யும், அந்த அச்சே சரிந்திருப்பதால் சுழலும்போது நிறைப் பரம்பல் ஒவ்வொரு கணமும் மாறும்.

நசுக்குவதா நீட்டுவதா என்பது புலத்தின் வகையைப் பொறுத்தது. துருவத்தில் இருந்து துருவத்துக்குப் போகும் புலம் விண்மீனைத் தட்டையாக்கும், அச்சைச் சுற்றி வளையமாக ஓடும் புலம் நீட்டும். துருவப் புலம் மட்டும் இருந்தாலும் வளையப் புலம் மட்டும் இருந்தாலும் நிலைக்காது, இரண்டும் கலந்து முறுக்கிய வடிவத்தில்தான் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் என்பதை பிரைத்வெயிட், ஸ்ப்ரூயிட் இருவரும் 2004 இல் கணினி உருவகப்படுத்தலில் காட்டினார்கள். வளையப் புலம் மேலோங்கி நீண்டுபோன விண்மீன் நமக்கு இன்னும் வசதி. அது தள்ளாடித் தள்ளாடிச் சக்தியை இழந்து, காந்த அச்சு சுழற்சி அச்சுக்குச் செங்குத்தாகும் நிலைக்குப் போய்ச் சேரும் என்று கட்லர் 2002 இல் விளக்கினார். அலை வலுவாக வருவது அந்த நிலையில்தான். அப்போது ஈர்ப்பலையின் மீடிறன் சுழற்சி மீடிறனின் இரு மடங்கு.

கோணல் என்று இந்தக் குறிப்பு முழுக்க நான் சொல்வது ஓர் எண். சுழற்சி அச்சுக்குச் செங்குத்தான இரண்டு திசைகளில் சடத்துவத் திருப்பங்களின் வித்தியாசத்தை எடுத்து, சுழற்சி அச்சைப் பற்றிய சடத்துவத் திருப்பத்தால் பிரியுங்கள். 12 கிலோமீற்றர் ஆரையுள்ள விண்மீனில் கோணல் 10⁻⁶ என்றால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மேடு.

வீச்சக் கணக்கு

வீச்சம் என்பது அலை கடக்கும்போது ஒரு நீளம் எத்தனை பங்கு மாறுகிறது என்ற எண். சூத்திரம் இது: வீச்சம் = 39.5 × ஈர்ப்பு மாறிலி × சடத்துவத் திருப்பம் × கோணல் × மீடிறனின் வர்க்கம் ÷ (ஒளிவேகத்தின் நாலாம் அடுக்கு × தூரம்). 39.5 என்பது பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தின் நாலு மடங்கு. மீடிறன் ஈர்ப்பலையுடையது, சுழற்சியுடையது அல்ல, இதை மாற்றிப் போட்டால் விடை நாலு மடங்கு பிழைக்கும். சடத்துவத் திருப்பத்துக்கு எல்லோரும் போடும் பெறுமானம் 10³⁸ கிலோகிராம் மீற்றர் வர்க்கம். உண்மையில் அது இரண்டு மூன்று மடங்கு கூடவும் இருக்கலாம், இப்போதைக்கு அதுவே போதும். மாறிலிகளை எல்லாம் பெருக்கி முடித்தால்:

வீச்சம் = 3.26 × 10⁻⁵ × கோணல் × மீடிறன்² ÷ தூரம்

தூரம் மீற்றரில், மீடிறன் ஹேட்ஸில். 3.26 வருகிறதா என்று நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்.

நண்டு நெபுலாவின் பல்சரையே, அதாவது சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் அதன் நியூத்திரன் விண்மீனையே எடுப்போம். 1054 இல் சீனர்கள் பகலிலும் கண்டதாக எழுதிவைத்த வெடிப்பின் மிச்சம் அது. நம் பக்கத்து வானத்தில் அதற்கு நல்ல இடம். நவம்பரில் இருந்து ஜனவரி வரை மழை முகில் விடாது, ஆனால் பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டு மணி போலக் கல்லடிக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே சிவப்பாய் ரோகிணி நிற்கும். அதற்குக் கிழக்கே ரிஷபத்தின் கொம்பு நுனியில் ஒரு விண்மீன், அதை ஒட்டித்தான் நெபுலா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் இருகண் தொலைநோக்கி பிடித்தால் மங்கலான ஒரு புகைத் திட்டு கிடைக்கும்.

அதன் நடுவில் உள்ள பல்சர் செக்கனுக்கு முப்பது தடவைக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது, எனவே ஈர்ப்பலை மீடிறன் 59 ஹேட்ஸ் சொச்சம். தூரம் ஏறத்தாழ 2 கிலோபார்செக், அதாவது 6.2 × 10¹⁹ மீற்றர். சூத்திரத்தில் போட்டால் வீச்சம் = 1.8 × 10⁻²¹ × கோணல். இதை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

இப்போது ஒரு கூரை போடலாம். இந்தப் பல்சரின் சுழற்சி ஒவ்வொரு செக்கனும் 3.7 × 10⁻¹⁰ ஹேட்ஸ் அளவு குறைகிறது. அதனால் இழக்கும் சக்தி செக்கனுக்கு 4.3 × 10³¹ ஜூல். அவ்வளவும் ஈர்ப்பலையாகவே போகிறது என்று வைத்தால் வீச்சம் 1.4 × 10⁻²⁴, அதற்கு மேல் போகவே முடியாது. நிஜத்தில் பெரும்பங்கு மின்காந்தக் கதிர்வீச்சாகவும் துணிக்கைக் காற்றாகவும் போகிறது, அந்த நெபுலா ஒளிர்வதே அந்தச் சக்தியில்தான். அமெரிக்காவில் உள்ள லைகோ, இத்தாலியில் உள்ள விர்கோ ஆகிய ஈர்ப்பலை உணரிகளின் குழுக்கள் மூன்றாவது அவதானிப்புக் காலத் தரவில் 236 பல்சர்களைத் தேடி, நண்டுப் பல்சருக்கு இந்தக் கூரையில் இருந்து ஏறத்தாழ 100 மடங்கு கீழே எல்லையை இறக்கிவிட்டன. அதாவது 1.4 × 10⁻²⁶ அளவில் தேடியும் அலை இல்லை. லைகோவின் 4 கிலோமீற்றர் கையில் இது ஒரு புரோத்தனின் விட்டத்தில் மூன்று கோடியில் ஒரு பங்கு அசைவு. மூலையில் எழுதிய எண்ணால் பிரித்தால், கோணல் 8 × 10⁻⁶ க்குக் கீழே. இவ்வளவும் கொப்பித் தாளில் வந்துவிட்டது!

கருவில் என்ன இருக்கிறது என்பது கணக்கை எப்படி மாற்றும்

சாரம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் நிலை: உள்ளே மீகடத்தி (மின்னைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) எதுவும் இல்லை என்று வையுங்கள். அப்போது கோணல் என்பது காந்த சக்திக்கும் ஈர்ப்பு சக்திக்கும் உள்ள விகிதம்தான், கிட்டத்தட்ட. 10¹² காஸ் என்றால் 10⁸ தெசுலா. ஓரலகு கனவளவில் உள்ள காந்த சக்தியை 12 கிலோமீற்றர் ஆரைக் கோளத்தின் கனவளவால் பெருக்கினால் சுமார் 3 × 10³⁴ ஜூல் வரும். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையுள்ள கோளத்தின் ஈர்ப்பு சக்தி 2.6 × 10⁴⁶ ஜூல். விகிதம் 10⁻¹². புலம் இரட்டித்தால் கோணல் நாலு மடங்காகும், வர்க்கத் தொடர்பு.

இரண்டாம் நிலை: கருவில் உள்ள புரோத்தன்கள் மீகடத்தியாக உறைந்திருக்கின்றன. விண்மீன் குளிர்ந்த பிறகு இப்படி ஆவதைத்தான் பெரும்பாலானோர் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாம் வகை மீகடத்தியில் காந்தப் பாயம் பரவி நிற்காது, மெல்லிய இழைகளாகப் பிரிந்து ஓடும். ஒவ்வோர் இழையும் ஒரே அளவு பாயத்தைச் சுமக்கும், ஒவ்வோர் இழைக்கும் தனக்கென ஓர் இழுவை உண்டு. மருதமுனைத் தறியில் பாவு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பாவு முழுவதும் தறிமரத்தை இழுக்கும் விசை என்பது நூல்களின் எண்ணிக்கையை ஒரு நூலின் இழுவையால் பெருக்கியதுதான். இங்கே நூல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது விண்மீனின் காந்தப்புலம். ஒரு நூலின் இழுவையைத் தீர்மானிப்பது அந்த மீகடத்தியின் மாறுநிலைப் புலம் (மீகடத்திக்கே உரிய ஓர் எல்லைப் புலம்), விண்மீனின் புலத்துக்கு அதில் பங்கில்லை. புரோத்தன்களுக்கு அது 10¹⁵ காஸ் அளவு. ஆகவே புலத்தின் வர்க்கம் இருந்த இடத்தில் புலம் × மாறுநிலைப் புலம் வந்து உட்காருகிறது. 10¹² காஸில் இது ஆயிரம் மடங்கு கூடுதல். கட்லரின் கணக்கில் வரும் கோணல் 1.6 × 10⁻⁹. புலம் இரட்டித்தால் கோணலும் இரண்டே மடங்கு, நேர்த் தொடர்பு.

மூன்றாம் நிலை: நடுவில் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தியைப் போலப் பல மடங்கு ஏறும்போது நியூத்திரன்கள் உடைந்து குவாக்குகள் விடுபடலாம், அவை சோடி சேர்ந்து நிற மீகடத்தி ஆகலாம். அங்கே காந்தப்புலம் குவாக்குகளைப் பிணைக்கும் குளுவன் புலத்தோடு கலந்துவிடும். கலவையின் ஒரு பகுதி தடையில்லாமல் ஊடுருவிப் போகும், மற்றப் பகுதிதான் இழைகளாகச் சுருங்கும். அந்த இழைகளின் இழுவை மிகப் பெரிது, மாறுநிலைப் புலம் 10¹⁷ காஸையும் தாண்டும். கிளாம்பெடாகிஸ், ஜோன்ஸ், சாமுவெல்சன் ஆகிய மூவர் 2012 இல் இதைக் கணக்கிட்டு, இப்படியொரு கரு இருந்தால் நண்டு, வேலா போன்ற இளம் பல்சர்களின் அலை வருங்கால ஐன்ஸ்டைன் தொலைநோக்கிக்கு எட்டும் என்றார்கள். உட்புலம் மேற்பரப்புப் புலத்தைப் போலப் பத்து மடங்கு இருந்தால் லைகோவுக்கே கிட்டத்தட்ட எட்டும் என்றும் சொன்னார்கள். நம் கொப்பிக் கணக்குக்கு, இரண்டாம் நிலையை நூறால் பெருக்கினால் போதும்.

மூன்றையும் நண்டுக்குப் போடுவோம். அதன் மேற்பரப்புப் புலம் 3.8 × 10¹² காஸ். முதல் நிலையில் கோணல் 1.4 × 10⁻¹¹, வீச்சம் 2.6 × 10⁻³², இதை மறந்துவிடலாம். இரண்டாம் நிலையில் கோணல் 6 × 10⁻⁹, வீச்சம் 1.1 × 10⁻²⁹. மூன்றாவதில் கோணல் 6 × 10⁻⁷, வீச்சம் 1.1 × 10⁻²⁷. லைகோவின் எல்லை 1.4 × 10⁻²⁶ என்று மேலே பார்த்தோம். பதின்மூன்று மடங்கு இடைவெளிதான்! உட்புலத்தைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள், வீச்சம் 1.1 × 10⁻²⁶ ஆகி எல்லையின் காலடியில் வந்து நிற்கும். அந்த மூவரின் முடிவு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்கள் கணிப்பானிலேயே தெரிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

மக்னெற்றார்களை, அதாவது மிக வலிய காந்தப்புலமுள்ள நியூத்திரன் விண்மீன்களை, ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்பீர்கள், புலம் 10¹⁴, 10¹⁵ காஸ் வரை போகிறதே என்று. அவை பெரும்பாலும் ஒரு சுற்றுச் சுற்ற 2 முதல் 12 செக்கன் வரை எடுக்கின்றன, ஈர்ப்பலை மீடிறன் ஒரு ஹேட்ஸைப் பெரிதாகத் தாண்டாது. லைகோ 10, 20 ஹேட்ஸுக்குக் கீழே நில அதிர்வு இரைச்சலில் மூழ்கிவிடும், போதாததற்கு மீடிறனின் வர்க்கமும் வீச்சத்தைச் சாப்பிட்டுவிடும். பிறந்த கையோடு மில்லிசெக்கனில் சுழலும் மக்னெற்றார் என்றால் கதை வேறு, ஆனால் அது நமக்குக் கிட்டவாகப் பிறக்க வேண்டும்.

வேலாவை வீட்டு வேலையாகப் போடுங்கள்: சுழற்சி 11.2 ஹேட்ஸ், தூரம் 287 பார்செக், புலம் 3.4 × 10¹² காஸ். மூன்றாம் நிலையில் வீச்சம் 10⁻²⁷ வந்தால் சரி. நண்டைவிட ஏழு மடங்கு கிட்ட இருந்தும் ஏன் கிட்டத்தட்ட அதே வீச்சம் என்று யோசியுங்கள்.

தரவில் கை வைப்பது

லைகோவின் தரவு எல்லோருக்கும் திறந்தது, ஈர்ப்பலைத் திறந்த அறிவியல் மையத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒரு கோப்பில் 4096 செக்கன் தரவு, நூறு மெகாபைட்டுக்கு மேல் வரும். ஒரு வருடத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், போன் டேட்டாவில் இறக்க நினைக்காதீர்கள். கூகுள் கொலாப்பைத் திறந்து, பைதனில் ஜிடபிள்யூபை என்ற பொதியை நிறுவி, கோப்பை அங்கேயே வாசிக்கவிட்டால் உங்கள் டேட்டா போகாது.

முதல் வேலையாக ஒரே ஒரு கோப்பை எடுத்து இரைச்சல் நிறமாலையை வரையுங்கள். 60 ஹேட்ஸில் ஈட்டி மாதிரி ஒரு கோடு எழும்பி நிற்கும், அது அமெரிக்க மின்வழங்கல். நம் வீட்டுச் சுவரில் வருவது 50 ஹேட்ஸ், அங்கே 60. நண்டின் 59 அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், தேடுகிறவர்களின் கஷ்டம் புரியும்.

ஒரு கோப்பில் அலை தெரியாது. நூறு கோப்பிலும் தெரியாது. கண்டுபிடிக்கக்கூடிய வீச்சம் ஏறத்தாழ 11 × இரைச்சல் ÷ நேரத்தின் வர்க்கமூலம். 59 ஹேட்ஸ் பக்கத்தில் இரைச்சலை 5 × 10⁻²⁴ என்று எடுத்து, ஒரு வருடத்தை 3 × 10⁷ செக்கன் என்று போட்டால் 10⁻²⁶ வரும். பதின்மூன்று மடங்கு இடைவெளியை வெறும் காத்திருப்பால் மூடுவதென்றால் பதின்மூன்றின் வர்க்கம், அதாவது 170 வருடம். அதனால்தான் புதிய கருவி வேண்டும் என்கிறார்கள், 10 கிலோமீற்றர் கைகளோடு நிலத்துக்கடியில் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி, 40 கிலோமீற்றரில் கொஸ்மிக் எக்ஸ்புளோரர். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரப்போகும் லைகோ இந்தியாதான் நமக்குக் கிட்டியது, ஆனால் அதன் கையும் 4 கிலோமீற்றர்தான்.

ஒரு வருடம் சேர்த்தால் மீடிறனை 3 × 10⁻⁸ ஹேட்ஸ் நுணுக்கத்தில் பிரிக்கலாம். ஆனால் பூமி சூரியனைச் செக்கனுக்கு 30 கிலோமீற்றரில் சுற்றுவதால் தொப்ளர் விளைவு 59 ஹேட்ஸை மேலும் கீழும் 0.006 ஹேட்ஸ் அசைக்கிறது, நுணுக்கத்தைப் போல இரண்டு லட்சம் மடங்கு. பல்சரும் தன் பாட்டில் மெதுவாகிக்கொண்டே போகிறது, இடையிடையே திடீரென்று வேகம் கூடுவதும் உண்டு. எனவே இங்கிலாந்தின் ஜோட்ரெல் பாங்க் வான்காணகம் மாதாமாதம் வெளியிடும் நண்டின் நேரக் குறிப்பை எடுத்து, ஒவ்வொரு கணத்திலும் அலையின் கட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்று கணித்து, அந்தக் கட்டத்தால் தரவைப் பெருக்கி, தாழ் மீடிறன் வடிகட்டியில் விட்டு, நிமிடத்துக்கு ஓர் எண்ணாகச் சுருக்க வேண்டும். வருடத்துக்கு 5,25,600 எண்கள், பழைய லப்டொப்பும் தாங்கும். இதற்கென்றே சிடபிள்யூஇன்பை, பைஎஃப்ஸ்டாட் என்ற பொதிகள் உண்டு. அப்படியென்றாலும் ஒரு கோப்புக்காவது இதை நீங்களே எழுதிப் பாருங்கள் என்பேன்.

நண்டில் தொடங்க வேண்டாம். லைகோ தன் கண்ணாடிகளையே அசைத்துச் சில போலிப் பல்சர்களைத் தரவுக்குள் வைத்திருக்கிறது, அவற்றில் ஒன்று 108.86 ஹேட்ஸில். விவரம் அதே தளத்தில் இருக்கிறது. உங்கள் நிரல் அதைப் பிடித்தால்தான் நண்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கிடைக்காத அலையைக் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமையில்லை.

ஒரு பல்சரை வைத்து முடிவு சொல்லக் கூடாது

நாளைக்கே நண்டில் 10⁻⁶ கோணல் கிடைத்தாலும் குவாக்குக் கரு என்று அறிவிக்க முடியாது. விண்மீனின் திண்ம ஓடே அந்த அளவு மேட்டைத் தாங்கும், காந்தப்புலத்துக்கு அதில் வேலையே இல்லாமல் இருக்கலாம். அலை தருவது கோணல், சடத்துவத் திருப்பம், தூரம் மூன்றும் கலந்த ஒற்றை எண்தான், அதை ஒரு விண்மீனை வைத்து மட்டும் பிரிக்க வழியில்லை.

மடக்கைத் தாள் இங்கேதான் தேவை. கிடை அச்சில் காந்தப்புலம், நிலை அச்சில் கோணல். முதல் நிலைக்குச் சாய்வு 2, மற்ற இரண்டுக்கும் சாய்வு 1, அவற்றில் நிற மீகடத்தியின் கோடு நூறு மடங்கு உயரத்தில் ஓடும். திண்ம ஓட்டு மேடுகளுக்குப் புலத்தோடு இப்படி ஓர் ஒழுங்கை எதிர்பார்க்கக் காரணமில்லை, புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இதுவரை எந்தப் பல்சரில் இருந்தும் தொடர் ஈர்ப்பலை பிடிபடவில்லை, ஆகவே உங்கள் தாளில் புள்ளிகள் இருக்காது, எல்லைகளைக் காட்டும் கீழ்நோக்கிய அம்புகள் மட்டும் இருக்கும். நண்டின் அம்பை 8 × 10⁻⁶ இல் போடுங்கள், வேலாவினுடையதைக் கணித்துப் போடுங்கள். அதன் கூரை 3.3 × 10⁻²⁴, லைகோ அதில் இருந்து ஏறத்தாழ 20 மடங்கு இறங்கியிருக்கிறது. நண்டின் அம்பு நிற மீகடத்திக் கோட்டை வேலாவினுடையதைவிட எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று தாளிலேயே தெரியும். கிடை அச்சில் நாம் போடுவது மேற்பரப்புப் புலம், கருவுக்குள் உள்ள புலம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால் ஒவ்வோர் அம்புக்கும் வலப்பக்கம் பத்து மடங்கு வரை ஒரு கோடு இழுத்து விடுங்கள். இழைகளே இல்லாத முதலாம் வகை மீகடத்தியாகக் கரு இருந்தால் மேல் கோடு முழுவதுமே பொருந்தாது, அதையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் கொம்போஸ் தரவுத்தளத்தில் இருந்து நிலைச் சமன்பாடு (விண்மீன் பொருளின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் இணைப்பது) ஒன்றை எடுங்கள். 2 சூரிய நிறையைத் தாங்காத சமன்பாடு எதையும் தொட வேண்டாம், ஜே0740+6620 என்ற பல்சரின் நிறையே 2.08. அதை வைத்து விண்மீனைக் கட்ட லோரீன், எக்ஸ்என்எஸ் என்று இரண்டு இலவச நிரல்கள் உண்டு. எக்ஸ்என்எஸ்ஸில் வளையப் புலத்தை மட்டும் போட்டு ஓட்டி, சடத்துவத் திருப்பங்களின் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, புலத்தை இரட்டித்து மறுபடி ஓட்டுங்கள். புலம் மிதமாக இருக்கும் வரை வித்தியாசம் நாலு மடங்காக வர வேண்டும். வராவிட்டால் நிலைச் சமன்பாட்டை மாற்றப் போகாமல், நிரல் கணக்குப் போடும் வலையின் புள்ளிகளைக் கூட்டி இன்னொரு தடவை ஓட்டுங்கள்.